கல்லாங்காட்டுக்கு லண்டனில் வைத்த பெயர்

மனிதர்களில் பலவகை உண்டு. சாப்பாட்டில் உப்புக் குறை சொல்பவர், பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர் என்று அவர்களையெல்லாம் நிறையப் பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது மலைக்குளிரில் நன்றாகச் செழிக்கும் ஓர் இனம். பெயர், அயல்பதிப்பு அன்பர்.

இவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு புத்தகத்தை நீட்டிப் பாருங்கள். வாங்கியதும் திருப்பி, விலை பவுண்டில் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார், நடுவில் பிரித்து மூக்கை நுழைத்து முகர்வார், துணிக்கடையில் வேட்டி பார்ப்பதுபோல் தாளை விரலிடுக்கில் வைத்துத் தேய்ப்பார், கடைசியாக, இது நேற்று வைத்த குழம்பா என்று கேட்கும் குரலில், "இது இண்டியன் எடிஷன்தானே?" என்பார். ஆமாம் என்றால் போச்சு. "இதே புக்குக்கு இங்கிலாந்துல வேற டைட்டில். அமெரிக்கால இன்னொண்ணு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." தெரியாதுதான். ஆனால் கதை என்னவென்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அவருக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் கொடைக்கானல் வாசகர் வட்டத் தலைவர் ராஜமுருகன் இந்த இனத்தில் முதல் தரம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அட்டுவம்பட்டியில் வீடு, மகள் சுசித்ரா லண்டனில். மகள் அனுப்பும் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் புத்தகங்களும் இருக்கும். சாக்லேட்டை எங்களுக்குக் கொடுப்பார். புத்தகத்தைக் காட்டுவார்.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, மலையில் உள்ள பள்ளி நூலகங்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுப்போம். இந்த ஆண்டு அதற்கு ஆசைப்பட்டு வந்தவள் ரோகிணி. மேல்மலையில் பூண்டு போடும் நல்லசாமியின் மகள். டவுனில் கான்வென்டில் படித்து, ஆங்கிலத்தில் எழுதப் பழகியவள். முன்னோர்கள் கல் பொறுக்கிப் பொறுக்கித் திருத்திய தங்கள் நிலத்தைப் பற்றி எழுதி, அந்த நிலத்தின் பெயரையே தலைப்பாக வைத்திருந்தாள்: 'கல்லாங்காடு'. சென்னையில் அச்சான நூல். அட்டையில் ந. ரோகிணி என்று போட்டிருந்தது.

"எங்க ஊர்ப் பிள்ளைங்க லைப்ரரியில நம்ம காட்டுப் பேரைப் பார்க்கணும் சார். அது போதும் எனக்கு," என்றாள்.

ராஜமுருகன் நூலைத் திருப்பினார். பவுண்டு இல்லை. மூடி வைத்துவிட்டுப் பையிலிருந்து இன்னொரு நூலை எடுத்தார். மகள் அனுப்பியது. தலைப்பு, தமிழில் சொன்னால், 'மேகங்களை அறுவடை செய்தவரின் மகள்'. எழுதியவர் ரோகிணி நல்லசாமி.

இங்கே உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் பதிப்பகத்தாருக்குக் கல்லாங்காடு வாயில் நுழையவில்லை. தலைப்பை மாற்றினார்கள். முன்னால் இருந்த இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பின்னால் ஒட்டினார்கள். மற்றபடி அதே புத்தகம்தான். நல்லசாமி தன் வாழ்நாளில் ஒரு மேகத்தையும் அறுவடை செய்தவரில்லை. மேகம் விலகினால்தான் அவருக்குப் பூண்டு காயும்.

ராஜமுருகன் தொண்டையைச் செருமினார். "'கல்லாங்காடு' நல்ல முயற்சிதான். ஆனா ரொம்பப் பச்சையா, ராவா இருக்கு. இந்த லண்டன் அம்மாவைப் பாருங்க. அதே மாதிரி ஒரு நிலத்தை எடுத்து எங்கயோ கொண்டுபோயிட்டாங்க. நம்ம ரோகிணி இவங்களைப் படிச்சுக் கத்துக்கணும்."

ரோகிணி மெல்ல எழுந்தாள். "சார், அதுவும் நான் எழுதினதுதான். ரெண்டும் ஒரே புஸ்தகம். ஒரு வரி மாத்தலை."

நீங்களோ நானோ என்றால் அந்த இடத்திலேயே உருகி நாற்காலிக்கு அடியில் வடிந்திருப்போம். அன்பரா வடிவார்? மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "அதைத்தானே நானும் சொல்றேன். அந்த டைட்டில்ல படிக்கும்போது, காட்டுப்பன்னி வந்து வெள்ளாமையை அழிக்கிற எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இதுல வெறும் பன்னிதான் வருது." பன்றி வரும் செய்தி லண்டன் பதிப்பின் பின்னட்டையிலேயே இருக்கிறது.

செயலாளர் பொன்னுவேலும் தலையாட்டினார். "லண்டன் அட்டை நல்ல கனமுங்க. பிள்ளைங்க வெரசாக் கிழிக்க முடியாது."

ரோகிணிக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, வட்டத்தாருக்குக் கொடுக்க ஒரு பை பூண்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா. "நீங்களே சொல்லுங்கப்பா. நம்ம காட்டுப் பேரு இருக்கணுமா, வேணாமா?"

நல்லசாமி இரண்டு நூல்களையும் கையில் வாங்கி, லண்டன் தலைப்புக்குத் தமிழில் அர்த்தம் கேட்டுக்கொண்டார். "மேகத்தை அறுவடை செஞ்சவருங்கிறது யாரு தாயி?"

"நீங்கதான்ப்பா."

லண்டன் நூலைத் தடவிக்கொண்டே சொன்னார். "கல்லாங்காட்டுல கல்லுதானே கெடக்கு. இதுல நானுல்ல இருக்கேன்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளியூர்க்காரன் பெயரை மாற்றினால் ஊரில் வந்து சொல்லி அழலாம். ஊர்க்காரரே, அதுவும் பெற்ற அப்பாவே கைமாற்றிவிட்டால் யாரிடம் போய் அழுவது? லண்டன் பதிப்பு பள்ளிக்கூடங்களுக்குப் போனது.

போன மாதம் மேல்மலைக்கு ஜீப்பில் போனேன். ஓட்டுநர் மனோஜ்குமார் அந்தப் புத்தகம் போன பள்ளியில் படிக்கும் பையன்களுக்கெல்லாம் அண்ணன் வயதுக்காரர். கல்லாங்காட்டில் இறக்கிவிடச் சொன்னேன்.

"அப்படி ஒரு எடம் இங்க இல்லீங்களே. மேகம் அறுவடைப் பாயிண்ட்தான் இருக்கு. எல்லாரும் அங்கதான் போட்டோ எடுக்குறாங்க."

இறங்கினேன். அந்தப் பெயரில் பெரிய பலகை. வரிசையாக வேன்கள். நல்லசாமி தலையில் உருமாலோடு பாத்தியின் நடுவே நின்று, கையிலிருந்த கதிர் அரிவாளால் வெறும் மூடுபனியை அறுத்து அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றுலா வந்தவர்கள் கைதட்டினார்கள். பாத்தியில் புல் மண்டியிருந்தது. இந்த வெள்ளாமைக்குப் பூண்டு போடவில்லையா என்றேன். "அதைப் பார்க்க யாருங்க வர்றா," என்று அடுத்த மேகத்துக்குப் போய்விட்டார்.

ஓரத்தில் ரோகிணி ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நூல் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தேன்.

"தலைப்பு வந்திருச்சு சார். இனிமேதான் எழுதணும்."

நீங்கள் இதுவரை நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். சந்தோஷம். அடுத்த முறை எங்கள் மலைக்கு வரும்போது, நல்லசாமியைப் போன்ற வேறொருவர் நிலத்தருகே ஜீப்காரர் வண்டியை நிறுத்தி, அதன் பழைய பெயரையும் புதுப் பெயரையும் சொல்லி, "எங்க எறக்கட்டும்?" என்று கேட்பார். இரண்டும் ஒரே இடம்தான். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். முதலில், போட்டோ எடுக்க நீட்டிய அந்தக் கைபேசியை உள்ளே வையுங்கள்.