மூளையுள்ள செயலி

"இன்னும் மூணுதாங்க காட்டுது," என்றாள் மனைவி.

"பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்துட்டேன்டி!"

"அது உங்க கணக்கு. அதோட கணக்கு மூணு."

கூடத்தின் நடுவில் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றவர்தான் கம்பெனியின் விளம்பரப் பிரிவு. பிரிவு என்றதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் தலைவர், ஊழியர், டீ வாங்கி வருகிறவர் எல்லாம் அவர் ஒருவரே.

கம்பெனி தயாரித்திருப்பது வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வதற்கான ஒரு செயலி. போனை எதிரே நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுந்தால் போதும். கேமரா வழியாகப் பார்த்து அதுவே 'டிங்' என்று எண்ணிக்கொள்ளும். "மனுஷனை விடக் கூர்மையான மூளை சார் அதுக்கு," என்று மானேஜர் பெருமைப்பட்டார். அந்த ஆபீஸ் மனுஷர்களை விடக் கூர்மை என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று விளம்பரப் பிரிவு மனசுக்குள் சொல்லிக்கொண்டது.

வேண்டியது ஒரே ஒரு வீடியோ. சாதாரண வீடு, சாதாரண ஆள். வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் எண்ணிக்கை பத்தைத் தொட வேண்டும். கம்பெனியில் முதல் போடுகிறவர்கள் சாயங்காலம் அதைப் பார்க்க வருகிறார்கள்.

"வீடியோ வரலேன்னா நாளைக்கு நீங்களும் வர வேண்டாம்," என்று மானேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம் இதுவரை தவறாமல் நடந்திருக்கிறது.

முந்தின வேலை போய் வீட்டில் கிடந்தபோது மனைவி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இன்னொரு முறை அந்த மௌனத்தைத் தாங்க முடியாது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

ஆபீஸ் கொடுத்த போன் ஸ்டாண்டில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய போனில் மனைவி படம் பிடித்தாள். மூன்றாவது போன் மாமனாரிடம் இருந்தது. ஆபீசோடு பேசும் பொறுப்பு அவருக்கு.

"மாமா, ஆபீசுக்குப் போடுங்க."

வரவேற்பில் இருக்கும் அம்மா எடுத்தார். அவரிடம் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க." அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு குளியலை முடித்துவிடலாம்.

கடைசியில் மானேஜர் லைனுக்கு வந்தார். "வெளிச்சம் பத்தலை. ஆப்பைக் குறை சொல்லாதீங்க."

ஜன்னல் திரைகளைக் கழற்றினார்கள். வெளிச்சம் வந்தது. கூடவே எதிர்வீட்டுக் குடும்பமும் பால்கனிக்கு வந்து வசதியாகச் சாய்ந்துகொண்டது.

மறுபடி ஏதாவது ஆனால் உடனே கேட்கலாமே என்று, இந்த முறை மாமனார் முன்கூட்டியே ஆபீசைக் கூப்பிட்டு, "ஒரு நிமிஷம்" வாங்கிக்கொண்டு லைனில் காத்திருந்தார். விளம்பரப் பிரிவு உட்கார்ந்தது, எழுந்தது. எண்ணிக்கை ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"முன்னாடி மூணையாவது காட்டுச்சு," என்றாள் மனைவி.

"சட்டை சுவரோட சேர்ந்து போகுது. பளிச்னு போடுங்க," என்றார் மானேஜர்.

வீட்டில் பளிச்சென்று இருந்தது மச்சினன் விட்டுப்போன சிவப்பு டி-ஷர்ட் மட்டும்தான். அதைப் போட்டதும் தொப்புளுக்கு மேலேயே அது தன் கடமையை முடித்துக்கொண்டது. எதிர் பால்கனியில் யாரோ கைதட்டினார்கள்.

ஐந்து வந்தது. அதோடு சரி.

மறுபடி ஆபீஸ், மறுபடி ஒரு நிமிஷம். "பின்னாடி சாமான் அதிகம், ஆப்புக்குக் குழப்பமா இருக்கு. எடுங்க."

சோபாவைத் தள்ளினார்கள். அது சமையலறை வாசலில் போய்ச் செருகிக்கொண்டு, முன்னாலும் வர மாட்டேன், பின்னாலும் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"அப்ப என் காபி?" என்றார் மாமனார்.

"சோபா மேல ஏறிக் குதிச்சுப் போய்ப் போட்டுக்கோங்கப்பா."

மாமனார் ரோஷத்தோடு, கேமராவுக்கு நேராகக் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

'டிங்!'

"பாத்தியா? நான் உட்கார்ந்ததை அது மதிக்குது! மாப்பிள்ளை முழுசா உட்கார்றதே இல்லை. பாதி வழியில எழுந்துடறார். அதை ஏமாத்த முடியுமா?"

விளம்பரப் பிரிவுக்கு மானம் போனது. ஒரு செயலியிடம் போய் நல்ல பெயர் எடுக்க வேண்டியிருக்கிறதே! மாமனாரை நாற்காலியோடு ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தார். டிங். எழுந்தார். உட்கார்ந்தார். டிங்.

"ஆறு... ஏழு... விட்டுடாதீங்க!" மனைவியின் குரலே மாறிவிட்டது. "எட்டு... ஒன்பது!"

எதிர் பால்கனி மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் உட்கார்ந்து எழுந்தார்.

சத்தமே இல்லை.

இன்னொரு முறை உட்கார்ந்தார். இன்னொரு முறை. எழ முடியாமல் தரையில் கையை ஊன்றினார். திரையில் எண்ணிக்கை ஒன்பதிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது.

"போதுங்க, எழுந்திருங்க," என்றாள் மனைவி. "வேலை போனா போகட்டும். போன தடவையும் பார்த்துக்கலையா நாம? நீங்க விழுந்தா தூக்க ஆள் இல்லை எனக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போன தடவை அவள் பேசாமல் இருந்ததற்கு இதுதான் அர்த்தம் என்று இப்போதுதான் புரிந்தது. அதனாலேயே விட மனசு வரவில்லை.

"நீ வீடியோவை நிறுத்தாதே. மாமா, ஆபீசுக்குப் போடுங்க! இன்னைக்கு அந்த ஆப்பா நானான்னு கேட்டுடறேன்."

மாமனார் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வரவேற்பு அம்மா ஓடி வந்து எடுத்த மாதிரி மூச்சிரைக்கப் பேசினார்.

"ஐயோ பெரியவரே, முதல் போட வந்தவங்களை உள்ள உட்கார வெச்சுட்டு இப்பத்தான் சீட்டுக்கே வர்றேன், போனை வெச்சுட்டு உங்க மாப்பிள்ளையை இன்னும் ஒரே ஒரு தடவை உட்காரச் சொல்லுங்க, வர்ற போனையும் எடுத்துக்கிட்டு, அவரையும் பார்த்து எண்ணிக்கிட்டு, டிங் பட்டனையும் அமுக்க எனக்கு என்ன நாலு கையா இருக்கு?"