முப்பத்தெட்டாயிரம் ரூபாய் வயர்

சகலை கடையிலிருந்து திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அவர் வீட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் குப்புறப் படுத்து அந்த வயரைக் கத்தரித்தான் வேல்ராஜ்.

சகலை நவநீதகிருஷ்ணன் ஸ்பீக்கர் வாங்கியபோதுகூட அவனுக்கு வயிறு இப்படி எரியவில்லை. அதற்கு மாட்ட முப்பத்தெட்டாயிரத்துக்கு வயர் வாங்கினாரே, அன்றைக்குப் பிடித்த எரிச்சல். அந்த வயரை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மனைவி கற்பகம் பேசிப் பேசியே கேட்டதுதான்.

"அத்தான் யோசிக்காம ஒண்ணும் வாங்க மாட்டாவ."

"உள்ள இருக்கது செம்புதானட்டி. எரநூறு ரூவா பெறாது."

"பிரிச்சுப் பாத்தவிய மாதிரில்லா பேசுதீங்க."

இப்போது பிரித்துப் பார்த்துவிட்டான். உள்ளே சாதாரணச் செம்புக் கம்பி. கற்பகத்திடம் காட்ட ஒரு சாண் துண்டைப் பையில் போட்டுக்கொண்டான். மனசு குளிர்ந்தது.

மிச்சத்தை முறுக்கி ஒட்டினால் நீளம் பற்றவில்லை. ஸ்பீக்கரை முன்னால் இழுத்தான், மறுமுனையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பஜாருக்கு ஓடி, நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு வயர் வாங்கிவந்து மாட்டி முடிக்கவும் வாசலில் பைக் சத்தம் கேட்டது.

நவநீதகிருஷ்ணன் வந்ததும் வராததுமாக எல்லோரையும் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார்.

"கேளுங்க சகல. தபேலாவுல வெரலு படுறது தனியாக் கேக்குதுல்லா? இன்னைக்கு என்னமோ கூடுதல் துல்லியம்."

"ஆமா அத்தான்" என்று கற்பகமும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தன் வீட்டில் அவள் ஒருநாளும் இப்படிக் கண்ணை மூடி உட்கார்ந்ததில்லையே என்று நினைத்ததும் வேல்ராஜுக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்த துண்டை எடுத்து டீப்பாயில் போட்டான்.

"இப்ப பாடுறது நூத்திருவது ரூவா வயரு. இந்தா கெடக்கு ஒங்க முப்பத்தெட்டாயிரம். வெறுஞ் செம்பு."

நவநீதகிருஷ்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "வெட்டிட்டீங்களா சகல?" என்று மட்டும் கேட்டார்.

கற்பகம் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவிய சொன்னது சரிதான் போல அத்தான். இது நம்ம மோட்டார் ரூம்ல கெடக்குற வயரு மாதிரில்லா இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அடுத்தவர் முன்னால் அவள் அவன் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை. வேல்ராஜ் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தான்.

டீயோடு வந்த, அந்த வீட்டிலேயே இருக்கும் மாமியார் சுந்தரம்மாள் துண்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இது அந்த வயரு இல்ல மாப்ள. அத எலி கடிச்சிருச்சுன்னு போன மாசம் நான்தான் ஆள் விட்டு இத மாட்டுனேன். பழசு நல்லாப் பின்னுன கயிறு மாதிரி உறுதியா இருந்துச்சா, வீணாப் போவானேன்னு, என்ன வயருன்னு சொல்லாம, துணி காயப்போடக் கொடி கட்டிக்கன்னு கற்பகத்துட்ட குடுத்துவிட்டேன். ஒங்க வீட்டு மாடியில ஒங்க லுங்கி காயுதுல்லா, அதுலதான்."