மடம் தயார், துறவி தேவை

நலிந்து கிடந்த துறவு மரபு, நம் காலத்தில், ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில், காலை ஆறு மணிக்கு மறுமலர்ச்சி அடைந்தது. அதைத் தொடங்கிவைத்தவனுக்கு மட்டும் அது தெரியாது.

அவன் எழுந்தான். பாயைச் சுருட்டினான். பக்கத்திலேயே கட்டில் இருந்தது. கட்டிலில் அவள் தலையணை இருந்தது. எனவே அவன் படுப்பது தரையில். பல் துலக்கினான். சவரம் செய்யவில்லை. இரண்டு கோப்பைத் தேநீர் போட்டான். ஒன்றைக் குடித்தான். மற்றது ஆறியதும் தொட்டியில் ஊற்றினான். இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தான். நேற்றைய சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினான். அங்கே பார்வை சோதிப்பது அவன் வேலை. "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பான். அதற்கு மேல் யாரிடமும் பேசுவதில்லை.

மனைவி இறந்து எட்டு மாதம். அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். மாடியிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "தம்பி, மோட்டார் ஓடல, கொஞ்சம் வந்து பாருங்க!"

பார்வை சோதிப்பவனுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கக் கூடாது. கூப்பிட்டால் வருவான், அதுதான் தகுதி. சிலிண்டர் தூக்க, கேபிள் இழுக்க, தண்ணீர்த் தொட்டி கழுவ, எல்லாவற்றுக்கும் அவனே. அவன் எழுந்தபோது அவள் படுத்தபடியே ஏதோ சொன்னாள். அவன் சிரித்துவிட்டு மாடிக்குப் போனான். மோட்டார் ஓடியது. இறங்கி வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

இதயம் என்றார் மருத்துவர். பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.

இனி மாடிக்கு வருவோம். வீட்டுக்காரரைச் சாதாரண வீட்டுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் 'துறவு மறுமலர்ச்சிச் சங்க'த்தின் செயலாளர். சங்கம் ஏற்கெனவே மூன்று மாடியில் மடம் ஒன்றை எழுப்பியிருந்தது. லிஃப்ட் உண்டு. ஏசி போட்ட தியான அறை உண்டு. வரவேற்பறையில் சாய்ந்தால் எழ மனம் வராத சோபா உண்டு. 'துறவியர் வாகனங்கள் மட்டும்' என்று பலகை வைத்த நிறுத்துமிடமும் உண்டு. குறை ஒன்றே ஒன்றுதான். துறவி இல்லை.

"ஊரார் பிள்ளையைக் கேக்குறதுக்கு முன்னாடி நம்ம பிள்ளையைக் குடுப்போம்!" என்று சங்கக் கூட்டத்தில் தலைவர் தழுதழுத்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் அடங்கிய பிறகுதான் தீர்மானத்தின் பொருள் புரிந்தது.

"என் பையனுக்கு முதுகுவலி. சம்மணம் போட முடியாது" என்றார் தலைவர்.

"என் பையன் ஏற்கெனவே துறவிதாங்க" என்றார் பொருளாளர். "வெளிநாடு போனதுலேருந்து வீட்டுக்கு ஒரு போன் கிடையாது. இதுக்கு மேல எந்தப் பற்றை அறுக்கச் சொல்றீங்க?"

சீட்டுக் குலுக்கினார்கள். செயலாளரின் மகன் தேர்வானான். உண்மையில் அவனைவிடப் பொருத்தமானவன் கிடைப்பது அரிது. எந்த வேலையிலும் பற்றில்லாதவன். தினமும் பதினொரு மணி வரை யோக நித்திரை. எதிரே வீடு பற்றி எரிந்தாலும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காத ஒருமுனைப்பு.

செய்தி கேட்ட வீட்டுக்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "தாராளமா போகட்டும். அவன் பின்னாடியே நானும் காவி கட்டிக்கிறேன். நாளைலேருந்து நீங்களாச்சு, அடுப்பாச்சு."

செயலாளர் ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கினார். மறுநாள் காலை, படியிறங்கும்போது, கீழ்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பாய் தெரிந்தது. தாடி தெரிந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"தலைவரே, தரையில படுக்கிறார். ஒரு வேளைதான் சாப்பிடுறார். எட்டு மாசமா ஒரு சிரிப்பில்ல, ஒரு கோபமில்ல. கீழ்வீட்டுலயே ஒரு ஞானியை வெச்சுக்கிட்டு வெளியில தேடுறோமே!"

"டீ குடிப்பாரா?"

"ரெண்டு போடுவார். ஒண்ணை அப்படியே கொட்டிடுவார்."

"அடடா! கைக்கு வந்ததைக் கொட்டுறதுன்னா சும்மாவா?" என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூவரும் கீழ்வீட்டுக்கு வந்து நேர்காணல் நடத்தினார்கள்.

"தம்பி, ஆசைன்னு ஏதாவது இருக்கா?"

"இல்ல."

பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பயம்?"

"இல்ல."

"மடத்துக்கு வந்துடுறீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"பாதி வேலையை ஆண்டவனே முடிச்சுக் குடுத்துட்டான்" என்றார் தலைவர், சுவரில் இருந்த அவள் படத்தைப் பார்த்து, நன்றியுடன்.

விதிகளைச் செயலாளர் விளக்கினார். பழைய பெயர் போய்விடும். மனைவி பேச்சை எடுக்கக் கூடாது. படம் கூடாது. இந்த வீட்டுச் சாமான் எதுவும் கூடாது.

"தலையணை?" என்றான் அவன். எட்டு மாதத்தில் அவன் தானாகக் கேட்ட ஒரே கேள்வி.

"எதுக்குத் தம்பி? மடத்துல புதுசு தர்றோம். மெமரி ஃபோம்."

அந்த வாரமே செயலாளர் மகனுக்குத் திருமணம் நிச்சயமானது. சீட்டில் வந்தவன் சீட்டிலிருந்து விடுபட்டான் அல்லவா? மணமக்கள் குடியேறவிருக்கும் கீழ்வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் பெண்வீட்டார் வந்தார்கள். "இந்தக் கட்டிலைத் தூக்கிப் போட்டுட்டா இடம் தாராளமா இருக்கும்" என்றார் வீட்டுக்காரம்மா. யாரோ கட்டிலில் உட்காரப் போனார்கள். அவன் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவர்கள் அளவெடுத்து முடிக்கும்வரை அப்படியே இருந்தான். உள்ளே ஏதோ ஒன்று வலித்தது. பழக்கம் விட்டுப்போயிருந்ததால், அது வலி என்று தெரியச் சற்று நேரமானது.

விழா நாள். மண்டபம் நிறைந்தது. அழைப்பிதழின் முகப்பில் 'அம்மையாரின் இறுதிச் சொற்கள்' தங்க எழுத்தில் மின்னின: "நாதா! பற்றறுத்து உலகைக் காப்பீர்!" எழுதியவர் தலைவர். அவள் அவனை நாதா என்று அழைத்ததில்லை. சந்தோஷமாக இருந்தால் 'டேய்', கோபம் வந்தால் 'சார்'.

காவி கொடுக்க, வெளியூரிலிருந்து ஒரு மூத்த துறவி பேருந்தில் வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. வரவேற்பறையில் அவரைப் பின்வாசலுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்; பிறகு தவறு திருத்தப்பட்டது. அவர் மேடையில் உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வீட்டுல சம்மதமா?"

"மனைவி காலமாயிட்டாங்க சாமி" என்றார் செயலாளர்.

"இருந்தப்போ சம்மதிச்சாளா? வீட்டுச் சம்மதம் இல்லாம நான் காவி குடுக்கிறதில்ல."

"கடைசி வார்த்தையே அதுதான் சாமி! அச்சடிச்சே வெச்சிருக்கோம்!"

"அச்சடிச்சது இருக்கட்டும். அவன் வாயால சொல்லட்டும்."

மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள். மைக் வேலை செய்யவில்லை. முன்வரிசை சோபாவில் செயலாளரின் மகன் காலை நீட்டிச் சாய்ந்தபடி செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரம்மா மகனின் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தார். செயலாளர் மேடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, பழக்கதோஷத்தில், துறவு கொள்ள வந்தவனையே கூப்பிட்டார்.

"தம்பி, மைக் ஓடல, கொஞ்சம் பாருங்க!"

அவன் குனிந்தான். வயரை எடுத்து அழுத்தினான். ஒலிபெருக்கி கரகரத்து உயிர் பெற்றது. குனிந்தவன் உடனே நிமிரவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அன்று மாடிக்குக் கிளம்பும்போது வந்த அதே சிரிப்பு. அதன் பின்னாலேயே கண்ணீரும் வந்தது.

"நாதா... நாதான்னு ஆரம்பிங்க" என்று செயலாளர் காதருகே எடுத்துக் கொடுத்தார்.

"அவ அப்படிச் சொல்லல" என்றான் அவன். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அன்னிக்கு இவர் மோட்டார் ஓடலன்னு கூப்பிட்டார். அவளுக்குக் காய்ச்சல். நான் எந்திரிச்சேன். அப்போ சொன்னா. அதுக்கப்புறம் எதுவும் சொல்லல."

"என்னப்பா சொன்னா?" என்றார் துறவி.

"எதுக்கெடுத்தாலும் நீதானா? அவர் பெத்தது ஒண்ணு மாடியில சும்மாதானே படுத்திருக்கு, அதைப் போகச் சொல்லு."