குஷன் பாயும் என் இடதுபக்க பிரேக்கும்

ஏற்காட்டு மலையில் எந்த வண்டியில் யார், எப்படி, எவ்வளவு பயத்தோடு உட்கார்ந்து போனார்கள் என்பது போலீசுக்குத் தெரியாது. ஆண்டவனுக்கே பாதிதான் தெரியும். முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் ஒண்டிக்கடை முக்கில் கடை வைத்திருந்த குஷன் பாய்தான்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, வாசலில் போர்டுக்குப் பதிலாக ஓட்டை விழுந்த ரப்பர் மேட், அவ்வளவுதான் கடை. பெயர்தான் குஷன். சீட் தைக்கக் கொடுத்தால் "வெச்சுட்டுப் போங்க, பாக்கலாம்" என்று கொட்டாவி விடுவார். வண்டிக்குள் தரை போயிருச்சு, மாத்தணும் என்று சொல்லிப் பாருங்கள், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருவார்.

"மனுசன் உக்கார்றது சீட்டுலீங்க. ஆனா உசுரை வெச்சிருக்கறது கால்லதானுங்க" என்பார்.

அவரைப் பற்றி எழுத நான் இன்றைக்கு உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு சத்தம். எங்கள் பழைய பிக்கப் வண்டியில் இருந்த சத்தம். அதை எனக்குக் கொடுத்ததும் பாய்தான், ஒருநாள் பிடுங்கிக்கொண்டதும் பாய்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வண்டியில் ஏறினாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். ஜீப், லாரி, சர்க்கார் பஸ், எதுவானாலும் சரி. "ஒருத்தன் முட்டி போட்டு உக்காந்து போட்ட தரைங்க அது. செருப்போட மிதிக்கலாமுங்களா?" சரி ஐயா, கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாவது ஏறலாமே? அது மட்டும் தோன்றவே தோன்றாது. செருப்பு ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் நிற்கும், பாய் சேலத்தில் வெறுங்காலோடு இறங்கிச் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் குதித்துக் குதித்து நடப்பார். சாயங்காலம் திரும்பும்வரை அந்தச் செருப்பை யாரும் தொட மாட்டார்கள். "பாய் ஊர்ல இருக்காருங்களா?" என்று யாராவது கேட்டால் பக்கத்து டீக்கடைக்காரர் வாயைத் திறக்காமல் செருப்பைக் கை காட்டுவார்.

இன்னொரு கிறுக்கு, டேப் வைத்து அளக்க மாட்டார். வண்டியில் தினம் போகிறவர்கள் அத்தனை பேரும் நேரில் வரவேண்டும். அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். பாய் குனிந்து ஒவ்வொரு காலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுவார். எந்தக் கால் எங்கே அழுத்துகிறதோ அங்கே அடியில் சாக்கு இரண்டு மடிப்பு, ரப்பர் இரண்டு மடிப்பு. ஒரு கான்ட்ராக்டர் தன் ஜீப்பை மட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். "ஜீப்பு வந்துருச்சு, கால் வரலீங்களே?" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார் பாய். கடைசியில் கான்ட்ராக்டர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். கூட வந்த மாமியார் காலை மடக்கிக்கொண்டு, "யாருய்யா நீ, என் காலைத் தொடறதுக்கு?" என்று சத்தம் போட்டாள்.

"தொடலீங்க ஆத்தா. கோடுதான் போடறேன். நீங்கதான் நொம்ப அழுத்தறீங்க."

பழைய மேட்டைத் தூக்கினால் அதைப் புத்தகம் படிப்பதுபோல் படிப்பார். ஒரு எஸ்டேட் ஜீப்பின் மேட்டுக்கடியில் காப்பிக்கொட்டை ஈரத்தில் முளைத்துக் கிடந்தது. எஸ்டேட்டில் காப்பி மூட்டை குறைகிறது என்று அப்போது ஒரே கலவரம். பாய் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த நாற்றை ஒரு டின்னில் நட்டுக் கடை வாசலில் வைத்துவிட்டார். அந்த ஜீப் டிரைவர் கடந்துபோகும் போதெல்லாம், "ஏனுங்க, உங்க புள்ளை நல்லா வளருதுங்க!" என்று கத்துவார். இரண்டே மாசத்தில் எஸ்டேட்டில் மூட்டை குறைவது நின்றுபோனது.

இப்போது எங்கள் வண்டிக்கு வருகிறேன்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரி. மலைமேல் கொட்டச்சேடு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். எங்க ஊட்டுக்காரர் பிக்கப்பில் ஆரஞ்சும் மிளகும் ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை சேலம் மார்க்கெட்டுக்குப் போவார். நானும் கூடப் போவேன், ஏனென்றால் மனுஷனுக்குப் பேச்சு வராது. "என்ன விலைங்க?" என்று கேட்டால் பழத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் இவர் ஊமையோ என்று எங்கம்மாவிடம் அழுதிருக்கிறேன்.

மார்க்கெட்டில் நான் புலி. மலைப்பாதையில்? இருபது கொண்டை ஊசி வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வளைவு வந்தால் என் கால் தானாகத் தரையை மிதிக்கும். எதிரே பஸ் வந்தால் இரண்டு காலும் மிதிக்கும். இப்படி மிதித்து மிதித்தே என் பக்கத்து மேட் கிழிந்து, தகரம் இற்று, ஒருநாள் பார்த்தால் என் காலுக்குக் கீழே ரோடு ஓடுகிறது! ஐயோ சாமி என்று அலறியதில் பின்னால் வந்த லாரிக்காரனும் பிரேக் போட்டுவிட்டான்.

வண்டி பாயிடம் போனது. மேட்டைத் தூக்கினார், ஓட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த வண்டியை ரெண்டு பேரு ஓட்டறீங்களா?"

ஊட்டுக்காரர் சிரித்தார். அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோடு போட என்னை உட்காரச் சொன்னார் பாய். உட்கார்ந்தேன். "இப்படிச் சும்மா வெச்சா எப்படிங்க தங்கச்சி? நீங்க பயப்படறப்ப கால் எங்க போவுதுன்னு தெரியணுமில்ல?" என்றவர், நின்றிருந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தார். "வளைவு வருதுங்க! வளைவு! அந்தப் பக்கம் பள்ளமுங்க! ஐயையோ பஸ்ஸு!" ஒண்டிக்கடையே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் பஸ் மாதிரி ஹாரன் அடித்தார். நின்ற வண்டிதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் பாழாய்ப்போன கால் மிதித்தது. பாய் பாய்ந்து வந்து கோடு போட்டார்.

தகரத்தை வெட்டி ஒட்டு வைத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து, தார் பூசி, சாக்கு விரித்து, மேலே புது ரப்பர் போட்டார். ஒரு வாரம் கழித்துப் போனால் என் பக்கத்தில் ஒரு பிரேக்! சில்வர் ஓக் கட்டையைச் செதுக்கி, ரப்பர் சுற்றி, அடியில் பழைய சீட் ஸ்பிரிங் ஒன்றை வைத்துத் தரையில் முடுக்கியிருந்தார், வேறு எதோடும் சேர்க்காமல்.

"இனித் தரை கிழியாதுங்க. தங்கச்சி அவங்க பாட்டுக்கு பிரேக் போட்டுட்டு வரட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு மூன்று வளைவு வரைக்கும் ஊட்டுக்காரரோடு பேசவில்லை. நாலாவது வளைவில் கால் தானாக அதை மிதித்தது. 'கிறீச்' என்றது. வண்டி மெதுவான மாதிரி இருந்தது. அடுத்த வளைவிலும் மிதித்தேன், கிறீச். மறுபடி மெதுவான மாதிரி இருந்தது. என் பிரமை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பயம் பாதியாகிவிட்டது.

அந்தச் சத்தம் மட்டும்தான் மானத்தை வாங்கியது. பாயைப் பார்க்கும்போதெல்லாம், "கொஞ்சம் எண்ணெய் போடுங்க பாய், எலி கத்தற மாதிரி கத்துது" என்பேன். "ஆகட்டுங்க, போட்டுரலாமுங்க" என்பார். போட மாட்டார். எத்தனை வருஷம்! என் பையன் பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் வேலைக்கும் போய்விட்டான். பாய் எண்ணெய் போடவே இல்லை.

ஒரு ஆரஞ்சு சீசனில் ஊட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. போகும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டி வாசலில் நின்றது. மத்தியான வேளையில் டீயை எடுத்துக்கொண்டு போய் என் இடத்தில் உட்காருவேன். கட்டையை மிதிப்பேன். கிறீச். "ஏனுங்க, மெதுவாப் போங்க" என்பேன். வலதுபக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். பைத்தியம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

வருஷம் ஒன்று ஓடியது. பையன் வேலையை விட்டுவிட்டு வந்து பழம் ஏற்றுகிறேன் என்றான். மழையில் நின்று நின்று வண்டித் தரை மொத்தமும் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. "வித்துட்டு வேற வாங்கலாம்மா" என்றான். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு வண்டியைப் பாயிடம் கொண்டுபோனான். நானும் போனேன்.

"எல்லாத்தையும் மாத்துங்க பாய். அந்தக் கட்டை மட்டும் அதேதான் இருக்கணும்."

"அதுக்கென்னுங்க, அதே கட்டை, அதே இடம்" என்றார். முட்டி வலியில் முனகிக்கொண்டே முழுத் தரையையும் வெட்டி எடுத்துப் புதுசாகப் போட்டார். பத்து நாளாயிற்று. போய்ப் பார்த்தால் அதே சில்வர் ஓக் கட்டை, என் கால் தேய்த்த பள்ளம்கூட அப்படியே இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். மிதித்தேன்.

சத்தம் வரவில்லை.

இன்னொரு தடவை மிதித்தேன். வெண்ணெயில் கால் வைத்த மாதிரி மெத்தென்று இறங்கியது.

"எண்ணெய் போட்டுட்டேனுங்க தங்கச்சி!" என்று பாய் பெருமையாகச் சிரித்தார். "எத்தனை வருசமாக் கேட்டீங்க!"

நான் ஓ என்று அழுதுவிட்டேன். ஒண்டிக்கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பாய்க்குக் கை கால் ஓடவில்லை. "ஏனுங்க? என்னுங்க ஆச்சு?"

"இத்தனை வருசம் போடாம, இப்ப எதுக்குப் போட்டீங்க?"

பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவருதானுங்க எண்ணெய் போடாதீங்கன்னாரு. கட்டை போட்ட அடுத்த வாரமே தனியா வந்து சொன்னாரு. 'எம் பொண்டாட்டி பயத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லாதுங்க பாய். அந்தச் சத்தம் கேட்டாத்தான் பயந்துருச்சுன்னு எனக்குத் தெரியுது, பிரேக்குல கால் வெக்கிறேன்'னாரு. இப்பத்தான் அவரு இல்லையே, இனி யாருக்குங்க கேக்கணும்னு…"

ஆக, அது பிரமை இல்லை. அத்தனை வளைவிலும் நான் மிதித்த பிரேக்கில் வண்டி மெதுவாகப் போயிருக்கிறது. மனுஷன் இதைக்கூட என்னிடம் சொல்லவில்லை பாருங்கள்.

"எனக்குக் கேக்கணுமுங்க பாய்" என்றேன்.

அவ்வளவுதான், பாய் தரையில் படுத்துவிட்டார். சீமெண்ணெய் விட்டுத் துடைத்தார், மணல் போட்டுத் தேய்த்தார், உப்புத்தண்ணீர் ஊற்றினார். புளித்தண்ணீர் ஊற்றச் சொல்லி டீக்கடைக்காரர் யோசனை சொன்னார், அதையும் ஊற்றினார். வண்டிகளில் வருகிற சத்தத்தை நிறுத்தத்தான் ஊரில் ஆள் உண்டு. சத்தத்தை வரவழைக்க ஒரு மனுஷன் நாள் முழுக்கப் பாடுபட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது கத்தவே இல்லை.

"ஸ்பிரிங்குல துரு ஏறணுங்க" என்றார் கடைசியில். "தினம் ஒரு கரண்டி உப்புத்தண்ணி விடுங்க. மழை வந்தா… மழை வந்தா உங்க பக்கத்துக் கண்ணாடியைச் சாத்தாதீங்க." செருப்புக்கால் படக்கூடாது என்று நினைக்கிற ஆள், தான் போட்ட புதுத் தரையை நனைக்கச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மழைக்கு முன்னாலேயே பாயின் முட்டி சுத்தமாக மடங்காமல் போய்விட்டது. சேலத்திலிருந்து மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஏறும்போது வழக்கம்போல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நனையாமல் இருக்கட்டும் என்று டீக்கடைக்காரர் அதைத் தன் கொட்டகைக்குள் எடுத்து வைத்திருந்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை நான் சாத்தவில்லை. சேலை நனைய உட்கார்ந்து போன என்னைப் பார்த்துப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். ஒருநாள், சேலத்துக்கு இறங்கும்போது, ஏழாவது வளைவில் மிதித்தேன்.

கிறீச்.

வண்டி மெதுவானது. பையனைப் பார்த்தேன். "ஏன் கண்ணு மெதுவாப் போறே?"

"பாய் சொல்லிட்டுப் போனாரும்மா. சத்தம் கேட்டா பிரேக்குல கால் வெய்யின்னு."

கீழே போகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன். அடுத்த வாரம் டீக்கடைக்காரரிடம் செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சேலத்தில் பாயின் மகள் ஊட்டு வாசலுக்கே வண்டியை விடச் சொன்னேன். பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். காலை வைத்து மிதிக்கவில்லை, குனிந்து கட்டையைக் கையால் அழுத்தினார். கிறீச். இன்னொரு தடவை அழுத்தினார்.

"நல்லாக் கத்துதுங்க தங்கச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

செருப்பை நீட்டினேன். வாங்கவில்லை.

"இதை எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க? எடுத்த இடத்துலயே வெச்சுருங்க. நான் திரும்பி வந்து இறங்கறப்ப வேணுமில்ல?"

கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவர் திரும்பி வரவில்லை.

செருப்பு இன்னும் டீக்கடைக் கொட்டகையில்தான் இருக்கிறது. போன மாசம் அதில் ஒரு வார் பிய்ந்துபோயிருந்தது. தைத்து வைத்திருக்கிறேன்.