மறுதரப்பு லோயரும் மிளகாய் வழக்கும்

1978 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்தேன். சவரம், குளியல், பாணும் சம்பலும். பிறகு சப்பாத்துக்குப் பாலிஷ். வழக்கத்துக்கு மாறாக நகரத்துக்குப் போகும் ரயிலைப் பிடிக்கவில்லை. அன்று எங்கள் வீட்டின் பின்வளவுக்கு ஒரு மன்றமே வரவிருந்தது.

நுளம்புக்கு முன்னறிவித்தல் கொடுத்த பிறகே அடிக்கிற வழக்கறிஞர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் வென்ட்வேர்த்வில்லில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார். சிட்னியில் அப்போதிருந்த சொற்பத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் பெயர் ‘மறுதரப்பு லோயர்’. சொந்தப் பெயர் அவருடைய கதவில் எழுதியிருந்தது. அதை யாரும் வாசித்ததில்லை.

குப்பை மேடு, கல் உடைக்கும் குவாரி, ஓடையில் சாயம் கலக்கிற தொழிற்சாலை என்று நகரசபைகளோடும் அரச திணைக்களங்களோடும் மல்லுக்கட்டுவதுதான் அவர் தொழில். மறுதரப்பைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது அந்த வழக்குகளுக்கான சட்டத்தின் முதல் பாடமாம். மற்ற லோயர்கள் அதைக் கோர்ட்டோடு விட்டுவிட்டார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

“ஐசே, அடிக்கலாம். ஆனா அதுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்க வேணும்,” என்று முழங்கையில் இரத்தம் குடிக்கும் நுளம்பை மூன்று முறை எச்சரிப்பார். அது வயிறு நிறையக் குடித்துவிட்டு எழுந்து போகும். “பாத்தீரே? தானாகவே வெளியேறீட்டுது!”

ஒரு பிறந்தநாள் விழாவில் இரண்டு பிள்ளைகள் ஒரு பொம்மைக் காருக்காக அடித்துக்கொண்டார்கள். இவர் விசாரணையைத் தொடங்கினார். இரண்டாம் தரப்பு பேசி முடிக்கும்போது முதல் தரப்பு நித்திரையாகிவிட்டது. இவர் வழக்கை ஒத்திவைத்தார்.

குவாரி வழக்கொன்றில் ஊர்மக்களுக்காக அபாரமாக வாதாடினார். கடைசியில் நீதிபதியிடம், “என் நண்பரான எதிர்த்தரப்பு வழக்கறிஞர், குவாரிக்காரருக்குச் சாதகமான முக்கியமான கருத்து ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். நான் சொல்லிவிடுகிறேன்,” என்றார். சொன்னார். தோற்றார். குவாரிக்காரர் கிறிஸ்மஸுக்கு அவருக்கு கேக் அனுப்பினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நாங்கள் போய் மாட்டினோம்.

அப்போது யாழ்ப்பாணத்துக் கறித்தூள் விற்கும் கடை சிட்னியில் கிடையாது. என் மனைவி பாக்கியம், தனக்கு வேலையில் ஓய்வுநாளான திங்கட்கிழமைகளில், பின்வளவில் தாச்சி வைத்துச் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுப்பாள். எல்லாக் குடும்பங்களுக்கும் தூள் எங்கள் வீட்டிலிருந்துதான். பக்கத்து வீட்டு மிஸிஸ் ஷெர்லி நகரசபைக்குத் தொலைபேசியில் முறையிட்டார். ‘காற்றை மாசுபடுத்துகிறீர்கள், உடனே நிறுத்தவும்’ என்று எங்களுக்குக் கட்டளை வந்தது. அதைப் பார்த்த வீட்டுச் சொந்தக்காரர், கட்டளை நிலைத்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுதரப்பு லோயர் மேன்முறையீடு செய்தார். எங்களைக் கேட்காமலே கட்டளை போட்டார்கள் என்பது அவர் வாதம். மேன்முறையீட்டு மன்றத்தின் உறுப்பினர் ஒருவர், நீதிபதி போல, நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே லோயர் தன்னுடைய ஒரே கறுப்புக் கோட்டோடு வந்துவிட்டார். தாச்சியை எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, மிளகாய் காணாது. இன்னும் ரெண்டு மடங்கு போடும்.”

“அண்ணை, எங்களுக்குத்தானே நீங்கள் லோயர்?” என்று பாக்கியம் கேட்டாள்.

“ஓம். ஆனா நகரசபையின்ரை பக்கத்தையும் முழுசாக் காட்ட வேணும். இல்லாட்டி அது நியாயமான விசாரணையே?”

மன்ற உறுப்பினரும் நகரசபை வழக்கறிஞரும் வந்தார்கள். பாக்கியம் வறுக்கத் தொடங்க, காற்று திரும்பியது. நகரசபை வழக்கறிஞர் ரோஜாச் செடிக்குள் தும்மினார். உறுப்பினர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் லோயர் மட்டும் புகைக்கு நடுவில் நின்று, கண்ணீர் தாரை தாரையாக ஓட, மறுதரப்பையும் கேட்க வேண்டும் என்கிற இயற்கை நீதியைப் பற்றிப் பேசினார். நீதிக்காக ஒருவர் இவ்வளவு அழுவதைத் தான் கண்டதில்லை என்று உறுப்பினர் பிறகு சொன்னாராம்.

வழக்கு முடிந்தது, அடுத்த வாரமே பெட்டி கட்ட வேண்டும் என்று நான் நினைத்தேன். அப்போது எங்கள் லோயர் வேலிக்கு மேலால் கையை நீட்டினார்.

“அடுத்ததாக மிஸிஸ் ஷெர்லியை அழைக்கிறேன்.”

நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். “ஐசே, உமக்கு விசரே? மனுசிதான் எங்களுக்கு எதிராச் சொன்னது!”

“அதாலைதான் ஐசே. அவவை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை.”

மிஸிஸ் ஷெர்லி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மணம் பிடிக்கவில்லையா என்று உறுப்பினர் கேட்டார்.

“மணத்துக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து திங்கட்கிழமைதான் துணி துவைக்கிறேன். இவர்களும் திங்கட்கிழமைதான் வறுக்கிறார்கள். அன்றிரவு படுக்கை விரிப்புக்குள் போனால் விடியும்வரை தும்மல். வேறு நாளில் வறுக்கச் சொல்லுங்கள் என்றுதான் நகரசபையிடம் சொன்னேன். அவர்கள் மீதியைக் கேட்கவே இல்லையே!”

நகரசபை வழக்கறிஞர் ரோஜாச் செடியைப் பார்த்தார்.

பாக்கியம் அங்கேயே சனிக்கிழமைக்கு மாறச் சம்மதித்தாள். மிஸிஸ் ஷெர்லி, தானே செவ்வாய்க்கு மாறுவதாகச் சொன்னார். இல்லை நான்தான், இல்லை நான்தான் என்று இருவரும் விடவில்லை. லோயருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இரண்டு தரப்பையும் முதலிலிருந்து கேட்க ஆயத்தமானார். உறுப்பினர் அவசரமாகக் கட்டளையை ரத்து செய்து, சனிக்கிழமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காருக்கு ஓடினார்.

எங்களுக்கு வீடு தப்பியது. லோயரின் கோட்டுத்தான் தப்பவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பிய பக்கமெல்லாம் ஆட்கள் தும்மினார்கள். மறுநாள் அவருக்குப் பரமட்டாவில் ஓர் ஓடை வழக்கு. மிஸிஸ் ஷெர்லி கோட்டைக் கழற்றி வாங்கி, தூரிகையால் தட்டி, காற்றில் சுற்றும் தன் துணிக்கொடியில் மாட்டினார். பின்னேரம் முழுவதும் அது கைகளை விரித்தபடி, எல்லாப் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாக அந்தக் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து வந்து இஸ்திரி போட்டேன். “உங்கடை சொந்தச் சேட்டுக்குக்கூட ஒருநாளும் நீங்கள் இஸ்திரி போட்டதில்லையே,” என்றாள் பாக்கியம். கழுத்துப் பட்டி சரியாக மடியவில்லை. தண்ணீர் தெளித்து இன்னொரு முறை போட்டேன்.