சாவி அண்ணாச்சியின் இடுப்பில் எங்கள் ஊர்

எங்கள் ஊரின் மொத்த ஜனத்தொகையும் ஒரே மனிதரின் இடுப்பில் தொங்குகிறது. அவர் சாவி அண்ணாச்சி. சீவலப்பேரி தாண்டி ஆற்றோரத்து ஊர் எங்களுடையது. சென்னைக்கும் திருப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் எல்லாம் வீட்டைப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அண்ணாச்சி நடந்தால் சலங்கை கட்டிய மாடு வருகிற சத்தம் கேட்கும்.

அவர் கீழத்தெருக்காரர். மேலத்தெருவில் ஆள் இருந்த காலத்தில் அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசற்படி தாண்ட விட்டதில்லை. சாவி கைமாறியதும் அதே வாய்கள் போனில் 'அண்ணாச்சி' என்றன. இப்போது அத்தனை வீட்டுப் பூஜை அறைகளையும் அவர்தான் கூட்டுகிறார். "சாமிக்கு ஆகாதுன்னா அது சொல்லியிருக்கும்லா?" என்பார். ஒருவழியாக எங்கள் ஊருக்குச் சமத்துவம் வந்துவிட்டது. அனுபவிக்கத்தான் ஆளில்லை.

அண்ணாச்சிக்கு ஒரே கவலை, மகன். வயலும் டிராக்டரும் போதும், ஊரிலேயே இருக்கிறேன் என்றவன். அதனாலேயே பெண் கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் வரிசையாகத் தொங்கும் பூட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கடைசியாக ஒரு சம்பந்தம் தகைந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் அண்ணாச்சி ஊரையே திறந்துவிட்டார். வீடு வீடாக லைட்டைப் போட்டார், டிவியைப் போட்டார், கொடிகளில் ஈரத்துணி காயப்போட்டார். நடவுக்கு வந்திருந்த வங்காளத்துப் பையன்களை மேலத்தெருவில் வாசலுக்கு ஒருவராக உட்கார வைத்தார். பாளையங்கோட்டையில் கிடந்த என்னை வரவழைத்து ஊர்ப் பெரியவர் ஆக்கினார். நான் பிறந்த வீட்டில் நான் குடியிருக்கிறேன் என்று நானே பொய் சொல்ல வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் கார் வந்தது. ஊர் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பரம திருப்தி. அம்மாதான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இம்புட்டு லைட்டு எரியுது. கார் வந்து நின்னப்போ, யாரு வீட்டுக்கு வந்திருக்கியன்னு ஒரு ஆளு கேக்கலையே. கேக்க நாதியில்லாத ஊருல எம் பிள்ளைய எப்படி விட?"

வங்காளத்துப் பையன்கள் நன்றாகத்தான் சிரித்தார்கள். கேட்பதற்குப் பாவம், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பெண் வீட்டார் போனபிறகு அண்ணாச்சி ஒவ்வொரு வீடாகப் போய் லைட்டை அணைத்தார்.

மகன் ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். கல்யாணமும் அங்கேயே ஆயிற்று. டிராக்டர் சாவியும் கொத்தில் சேர்ந்தது.

போன மாதம், வீட்டுக் கூரை ஒழுகுகிறதே என்று ஊருக்குப் போனேன். ஊர் எல்லைக் கல்லில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு அதுதான் வேலை. வருகிற வண்டியை எல்லாம் நிறுத்திக் கேட்கிறார். எங்கள் வீட்டுச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டே என் காரையும் கைகாட்டி நிறுத்தினார்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?"

"உங்க வீட்டுக்குத்தான் அண்ணாச்சி" என்றேன்.