செயலின்மைத் துறையின் சுறுசுறுப்பு

உலகில் குறையே இல்லாத ஒரே நகரம் எங்களுடையதுதான். மீறி யாராவது குறை சொல்லிக்கொண்டு வந்தால் அவர்களைக் கவனிக்கத் தனித் துறையே இருக்கிறது. அதன் கண்காணிப்பாளர் அடியேன்.

எங்கள் இயக்குநர் சீனத்துத் தாவோ தத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர். தண்ணீர் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும், ஆள்பவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் நாடு தானே செழிக்கும் என்று எங்கேயோ படித்தார். அன்றே துறைக்குச் 'செயலின்மைத் துறை' என்று பெயர் மாற்றினார். மனுக்கள் பெட்டியிலேயே கிடக்கும். நாற்பது நாள் கழித்து 'இயல்பாகத் தீர்ந்தது' என்று முத்திரை குத்துவோம். சும்மா இருப்பது லேசுப்பட்ட வேலையா? வாரத்துக்கு ஆறு கூட்டம் போட வேண்டியிருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை என் அக்கா மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்தாள்.

"டேய், மாமா லிஃப்டுல மாட்டிக்கிட்டார்டா! இந்த மாடிக்குக் கொஞ்சம் கீழ நின்னுடுச்சு."

"என்ன விஷயமா வந்தீங்க?"

"வீட்டுல ஒரு மாசமா தண்ணி வரலைன்னு மனு குடுக்க. அதை விடுடா! லிஃப்டுன்னா பயம்னு நான் படியில வந்தேன். அவருக்கு இழுப்பு வந்திருக்கு, மருந்து பம்ப் என் பையில இருக்கு!"

மாமா தங்கமான மனுஷர். அலைந்து திரிந்து எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் விதி விதிதானே? இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். உடனே 'அவசரச் செயலின்மைக் கூட்டம்' கூடியது.

"லிஃப்ட் தானா நின்னுச்சா, நாம நிறுத்தினோமா?"

"தானாத்தான் சார்."

"அப்போ தானா ஓடும். நடுவுல நாம கைய வச்சா இயல்பு கெட்டுடும்."

"ஐயா, அவருக்கு மூச்சுத் திணறுதுங்க!" அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மூச்சை யாராவது விடச் சொல்லியாம்மா விடுறோம்? அதுவும் தானாத்தானே நடக்குது?"

ஆகா! எல்லோரும் மேசையைத் தட்டி வரவேற்றோம். லிஃப்டுக்குள் மாமாவும் தட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அந்தச் சத்தம் மெலிந்தது.

"கேட்டீங்களா? மனசு அடங்குது," என்று இயக்குநர் பூரித்துப்போனார். கூட்டக் குறிப்பில் அதையும் எழுதிக்கொண்டேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எதிர்க்கடை மெக்கானிக்கைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் கடப்பாரையை லிஃப்ட் கதவின் இடுக்கில் செருகி ஒரு நெம்பு நெம்பினார். கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

"அந்த பம்பை உள்ள நீட்டுங்கக்கா, சீக்கிரம்!"

"சார்! இங்க ஒருத்தன் என்னவோ செய்றான்!" என்று காவலாளி அலறினார்.

துறையே திரண்டு எழுந்தது. அடேயப்பா, என்ன வேகம்! கண் மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டு பேர் பாய்ந்து மெக்கானிக்கைத் தரையில் சாய்த்தோம். அக்காவின் கை எட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

இந்தத் துறை எதுவுமே செய்யாது என்று ஊரில் நாக்கூசாமல் பேசுகிறார்கள். அபாண்டம். அன்று மெக்கானிக்கின் வலது கையை முறுக்கிப் பிடித்திருந்தவன் நான்தான்.